ரசமட்டமும் ஒரு சாண் மண்ணும்

"சாஞ்சிருக்கு" என்றார் துரை.

அழகையா கங்காணிக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. ஆனைக்குழித் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கான் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி அவர். மழைத்தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் கானுக்கு எத்தனை விரற்கடை வாட்டம் வேண்டும் என்பதை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி வரைக்கும் தம் வேலையில் நொட்டை சொல்ல ஒருத்தன் பிறந்து வரவில்லை என்பது அவர் கட்சி. அந்த ஒருத்தன் இங்கிலாந்தில் பிறந்து கப்பலேறி வருவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எங்கங்க தொரை?"

"இந்தா, மரத்துப் பக்கம் பள்ளம். கொடிப் பக்கம் மேடு. நான் நிக்கிறது, நல்லா தெரியுது."

விட்டேக்கர் துரை புது மேடையின் நடுவில் காலை அகட்டி நின்று, பந்தை அடிக்கப் போகிறவர் போல இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார்.

கீழே வரிசையாக நின்ற பத்து ஆட்களும் தலையை ஆட்டினார்கள். "ஆமாங்க தொரை, சாஞ்சுதாங்க இருக்கு!"

காலையில் இதே பத்துப் பேரும்தான், "கங்காணி, கேரம் பலகை கெட்டுது போங்க!" என்று வாயாரப் புகழ்ந்தவர்கள். அழகையா அவர்களை ஒரு பார்வை பார்த்தார். ஒருத்தனும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். சுற்றுவட்டாரத் துரைமார் சனிக்கிழமை தோறும் ஆனைக்குழிப் பத்தனையில் கூடிக் கோல்ஃப் விளையாடுவார்கள். பத்தனை என்றால் வெறும் புல்மலை. அதில் உட்கார்ந்து வெற்றிலை போடக்கூட ஒரு முழம் தட்டையான இடம் கிடையாது. முதல் பந்தை அடிக்கிறவர் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து, தென்னைமரம் ஏறப் போகிறவன் மாதிரி நின்றுதான் அடிக்க வேண்டும். இத்தனை வருஷமாக அப்படித்தான் அடித்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் புதிதாக வந்த விட்டேக்கர் துரைக்கு அது பொறுக்கவில்லை. முறையாக ஓர் அடிமேடை வேண்டும் என்று காகிதத்தில் படமே வரைந்து கொடுத்துவிட்டார். நீளம் இருபது அடி, அகலம் பதினைந்து அடி, உயரம் ஒன்றரை அடி. நீளப்பாடு பத்தனை ஓரத்து ஒற்றை மரத்தடியில் தொடங்கி நேராகத் தூரத்துக் கொடியைப் பார்க்க வேண்டும். மேலே புல் பத்தை. மட்டம் என்றால் அப்படி ஒரு மட்டம்.

"கப் போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கு, கங்காணி. கொழும்பிலேருந்து வி.ஏ. துரை வாறார்" என்று படத்தைக் கொடுத்தபோதே சொல்லியிருந்தார்.

வி.ஏ. துரை என்பவர் கம்பனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து, துரைமாருக்கே புள்ளி போடுகிறவர். துரைக்கு மேல் துரை. அவர் வருகிறார் என்றால் பங்களா நாய்கூடக் குளித்துவிடும்.

அழகையா சும்மா கட்டவில்லை. அடியில் கருங்கல், அதற்கு மேல் ரோட்டுச் சரளை, அதற்கு மேல் சலித்த மண், அதற்கு மேல் பத்தனையிலிருந்து செதுக்கியெடுத்த புல் பத்தை என்று அடுக்கடுக்காகப் போட்டார். மேலே வாட்டம் வைத்தால் மட்டம் கெடும் என்று தண்ணீரைச் சரளை வழியாக அடியாலேயே அனுப்பிவிட்டார். அப்படிப்பட்ட மேடையைப் பார்த்துத்தான் துரை சாஞ்சிருக்கு என்கிறார்.

"மரத்துப் பக்கம் மண்ணு போட்டு ஒசத்திடணுங்க தொரை. நல்லாவே சாஞ்சிருக்கு" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. துரை பங்களாவில் சமையல், சலவை, எடுபிடி எல்லாம் பார்க்கும் அப்பு வீரய்யா. சனிக்கிழமைகளில் பந்தடிக்கும் தடிகள் வைத்த துரையின் தடிப்பையைத் தூக்கிக்கொண்டு கூட வருவான். அழகையாவின் மனைவி ரெங்கம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

அழகையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகப்பை பிடிக்கிறவனுக்கு மண்வேலையில் என்ன பேச்சு? துரை நிற்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"செவ்வாக்கெழமை திரும்ப வந்து பாக்குறது. மட்டமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துரை இறங்கிப் போனார்.

விட்டேக்கர் துரைக்குத் தோட்டத்தில் 'பத்துச்சீட்டுத் துரை' என்று பெயர். வேலையைவிட்டு நிறுத்தும் காகிதத்துக்குத்தான் பத்துச்சீட்டு என்று பெயர். வந்த எட்டு மாதத்தில் ஏழு பேருக்குக் கொடுத்திருந்தார். அது கையில் விழுந்தால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் காலி பண்ண வேண்டும். அழகையா பிறந்தது இந்தத் தோட்டம், பெண் கட்டியது இந்தத் தோட்டம், அப்பனைப் புதைத்தது இந்தத் தோட்டம். பிரஜாவுரிமைக்குப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் வந்த பாடில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே என்று போவது?

துரையின் தலை மறைந்ததும் அழகையா ஃபெக்டரிக்கு ஓடி கொத்து வேலை பார்க்கும் மேசன் பாஸிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி வந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் ஓடுமே, அந்த மட்டக்கோல். நெடுக வைத்தார், குறுக்கே வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். குமிழ் ஆடாமல் அசையாமல் நடுவிலேயே நின்றது. போதாததற்கு ஒரு தாம்பாளத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

ரசமட்டத்தோடு ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கர் கனகசுந்தரத்தின் மேசை மேல் வைத்தார். கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். பதினெட்டு வருஷத்தில் ஐந்து துரைமாருக்கு "யெஸ் சேர்" சொல்லியே ஒரு தலைமயிர் நரைக்காமல் இருந்தவர்.

"ஐயா, ஒங்க கண்ணால பாத்துட்டேன்னு சொல்லுங்க. மேடையில வச்சா குமிழ் நடுவுலதான் நிக்குது."

கனகசுந்தரம் மேடை வரை நடந்து வந்தார், பாவம். குனிந்தும் பார்த்தார்.

"ஓம், நடுவிலைதான் நிக்குது."

"அப்ப மேடை மட்டந்தானுங்களே?"

"அதெப்பிடி? துரை சாய்வெண்டு சொல்லிப்போட்டாரே. ரசமட்டத்திலைதான் ஏதும் பிழை இருக்கும்."

"ரசமட்டம் எப்பிடிங்க பொய் சொல்லும்?"

"உமக்கு விளங்கேல்லை அழகையா. ரசமட்டம் பதுளைக் கடையில வாங்கினது. துரை சீமையிலயிருந்து வந்தவர். இதில ஆர் பிழை விடக்கூடும் எண்டு நீரே யோசிச்சுப் பாரும்."

அழகையா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

கனகசுந்தரத்துக்கு இரக்கம் வந்துவிட்டது போலும். குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்குக் காணும். பின்னால பாரும், மலை சரிஞ்சு கிடக்குது. அந்தச் சரிவைப் பார்த்துக் கண் ஏமாறுது. மட்டமா ஒரு வேலி அடிச்சு மலையை மறைச்சுப்போட்டீரெண்டால் மேடை தானாச் சரிவரும்."

படித்த மனுஷன் சொல்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது என்று அழகையாவுக்குப் பட்டது. இரண்டு நாள் நின்று மூங்கிலைப் பிளந்து மேடையின் நீளத்துக்கு முதுகுப்புறமாக வேலி கட்டினார். வேலியின் மேல்விளிம்பை நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, அரிவாளால் சீவினார்.

செவ்வாய்க்கிழமை துரை கிளாக்கரோடு வந்து மேடையில் ஏறி நின்றார். வேலியைத் திரும்பிப் பார்த்தார். காலை மாற்றி வைத்துப் பார்த்தார்.

"நல்ல வேலி" என்றார்.

அழகையாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா வேலியும் சாஞ்சிருக்கு."

"ஆமாங்க தொரை, ரெண்டுமே சாஞ்சிருக்கு!" என்றது பத்து வாய்.

அத்தோடு விட்டதா சனி? துரை கோபத்தோடு தடியைப் பின்னால் ஓங்கினார். தடியின் நுனி மூங்கிலுக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தார். தடி முறிந்து பாதி வேலியில் தொங்கியது, பாதி துரையின் கையில் நின்றது.

"கங்காணி! வேலி எதுக்கு?"

அழகையா கிளாக்கரைத் திரும்பிப் பார்த்தார். கிளாக்கர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே நினைச்சனான், உது சரிவராதெண்டு" என்றார் பிறகு, துரை போனதும்.

அன்று சாயங்காலம் லயத்தில் ரெங்கம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். "தொரை என்ன, தங்கத்துலயா கேட்டாரு? மட்டமா ஒரு மேடை. அதக் கட்டத் துப்பில்லையா?"

"ஏண்டி, நீயுமா? மட்டமாத்தான்டி இருக்கு! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒங்க தொரைக்குப் பந்தடிக்க வரல, மேடை மேல பழியப் போடுறாரு."

"ஐயோ, மெல்லப் பேசுங்க. அடுத்த காம்பராவுக்குக் கேட்டா விடியறதுக்குள்ள பங்களாவுக்குப் போயிரும்." ரெங்கம்மா தடுப்புச் சுவரைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "ஒங்களுக்கு ரசமட்டம் பெருசா, காம்பரா பெருசா? எந் தம்பி பங்களாவுலயே கெடக்குறவன். தொரை மனசு அவனுக்குத் தெரியும். மண்ணப் போட்டு ஒசத்தச் சொல்றான்ல, ஒசத்திட்டுப் போங்களேன்."

"கோணலா ஒரு வேல செய்ய என் கையி வராதுடி."

"பத்துச்சீட்டு வந்தா வாங்க மட்டும் கையி வருமா?"

அழகையா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

மறுநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மரத்துப் பக்கம் நாலு விரற்கடை உயர்த்தினார். வேலை ஆரம்பித்ததும் யாரும் கூப்பிடாமலே வீரய்யா வந்து நின்றான். பங்களா வெள்ளைக் கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுக் கூடை கூடையாக மண் சுமந்தான். அழகையாவுக்கே மனம் இளகிவிட்டது.

"ஒனக்கு ஏண்டா இந்தப் பாடு? பங்களாவுல வேல இல்லையா?"

"மச்சான் கஷ்டப்படும்போது நான் பாத்துக்கிட்டு இருப்பனா?" என்றான் வீரய்யா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இன்னுங் கொஞ்சம் ஒசத்துங்க மச்சான். நாலு விரக்கடை பத்தாது."

துரை வந்தார், நின்றார். "கொஞ்சம் பரவாயில்லே. இன்னும் பள்ளம்" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ஊவாப் பக்கத்து மழை சொல்லிக்கொண்டா வரும்? மட்டமான மேடையாக இருந்தால் தண்ணீர் சரளைக்குள் இறங்கியிருக்கும். இப்போதுதான் சரிவு இருக்கிறதே, மரத்துப் பக்கமிருந்து கொடிப் பக்கம் திமுதிமுவென்று ஓடி, அந்தக் கரையின் புல் பத்தைகளைப் பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டிக்கொண்டு பத்தனைக்குக் கீழே இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் மண் அரிக்காமல் காத்த கங்காணியின் கண் முன்னாலேயே மண் அரித்தது. அழகையா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்று அதைப் பார்த்தார். அழுதாரா என்று கேட்டால், மழைக்குள் யாருக்குத் தெரியும்.

ஆனால் மழை விட்டபோது அவர் வேறு ஆளாக இருந்தார். "டேய், வாங்கடா! போனது போகட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன!" என்று முண்டாசைக் கட்டினார். துரைக்கு வேண்டியது கோணல் என்றால், தோட்டத்திலேயே உறுதியான கோணலைக் கட்டிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். கொடிப் பக்கம் கல்லடுக்கிச் சின்னச் சுவர் எழுப்பினார். சுற்றிலும் கான் வெட்டினார். மரத்துப் பக்கம் ஒரு சாண் முழுசாக உயர்த்தினார். புல் பத்தைகளை மூங்கில் ஆணி அடித்து நிறுத்தினார். வீரய்யா தினமும் வந்து மண் சுமந்தான்.

கப் போட்டிக்கு முதல் நாள் துரை மேடையில் ஏறினார். காலை அகட்டினார். இடுப்பை அசைத்தார். முகம் மலர்ந்தது.

"இது மட்டம்! இப்பத்தான் மட்டம்! வெரி குட் கங்காணி!"

"ஆமாங்க தொரை, தாம்பாளம் மாதிரி இருக்கு!" என்றார்கள் பத்துப் பேரும். துரை போனதும், கங்காணி சறுக்குமரம் கட்டிவிட்டார் என்று அவர்களே சிரித்தார்கள்.

எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவன் வீரய்யாதான். அழகையாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அழகையாவோ அந்தப் பக்கம் திரும்பாமலே வீட்டுக்கு நடந்தார். அந்த மேடையைப் பார்த்தால் அவருக்குக் கண் வலித்தது.

சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு தோட்டத்துத் துரைமார் கூடிவிட்டார்கள். முதல் பந்தை அடிக்க வி.ஏ. துரையை மரியாதையோடு மேடைக்கு அழைத்தார் விட்டேக்கர். வி.ஏ. துரை நல்ல ஆகிருதி. மேடையில் ஏறி நின்றவர் ஒரு நிமிஷம் புருவத்தைச் சுருக்கினார். பிறகு தடியை ஓங்கி ஒரு வீச்சு வீசினார். பந்து அங்கேயே இருந்தது. வீசிய வேகத்தில் துரைதான் கொடிப் பக்கம் நாலு எட்டு ஓடி, அழகையா எழுப்பிய சுவரைத் தாண்டி, அழகையா வெட்டிய கானுக்குள் உட்கார்ந்துவிட்டார்.



அடுத்த துரை அடித்தார், பந்து தேயிலைக்குள் போனது. அதற்கடுத்தவர் முழங்காலில் விழுந்தார். கடைசியாக விட்டேக்கர் துரை ஏறி நின்று ஆணி அடித்த மாதிரி அசையாமல் ஓர் அடி அடித்தார். பந்து நேரே கொடியைப் பார்த்துப் பறந்தது. யாரும் கை தட்டவில்லை. வி.ஏ. துரை கால்சட்டையிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டே வந்தார்.

"விட்டேக்கர், உங்களுக்கு மட்டும் தோதாகவா மேடை கட்டியிருக்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இது மட்டமான மேடை, சேர்! வேண்டுமானால் இவர்களைக் கேளுங்கள்." விட்டேக்கர் ஆட்கள் பக்கம் திரும்பித் தமிழில் கத்தினார். "மேடை மட்டமா இருக்கா?"

"ஆமாங்க தொரை!"

வி.ஏ. துரைக்கும் தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரியும். "மேடை சாஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க தொரை!" என்றார்கள் அதே பத்துப் பேர், அதைவிடச் சத்தமாக.

வி.ஏ. துரை ரசமட்டம் கொண்டுவரச் சொன்னார். புல்லில் வைத்ததும் குமிழ் பாம்பைக் கண்ட எலியாக ஒரு கோடிக்கு ஓடியது. விட்டேக்கர் துரையின் முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது.

"கங்காணி! மேடையைச் சாய்க்க ஒனக்கு யார் சொன்னது?"

எல்லாரும் அழகையாவைப் பார்த்தார்கள். கிளாக்கர் கனகசுந்தரம் உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினார். ரெங்கம்மா தூரத்தில் கொழுந்துக்கூடையோடு நின்று மாரைப் பிடித்துக்கொண்டாள். அழகையா ஓர் எட்டு முன்னால் வந்தார். அவர் வாயிலிருந்து இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் துரையும் கேட்காத சொல் வந்தது.

"நான் சாய்க்கலீங்க, தொரை. மொதல்ல நான் கட்டினது மட்டம். ரசமட்டம் வச்சுப் பாத்த மட்டம். நீங்கதான் சாஞ்சிருக்குன்னீங்க. ஒங்க சொல்லுக்காக ஒரு சாண் மண்ணு போட்டேன். அது என் தப்பு. ரசமட்டத்த நம்பாம ஒங்கள நம்பினது என் தப்புங்க."

பத்துப் பேரும் ஆமாம் சொல்ல வாயைத் திறந்து, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்கள்.

வி.ஏ. துரை விட்டேக்கரின் தோளில் கை வைத்தார். "உங்கள் கண்ணில் ஏதோ கோளாறு. திங்கட்கிழமையே டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் மேடை ரசமட்டப்படி மட்டமாக வேண்டும். கப் போட்டியை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் விட்டேக்கர் துரை அழகையாவின் பக்கம் திரும்பினார்.

"நானும் கண்ணைக் காட்டுறது. ஆனா அடுத்த சனிக்கிழமை காலையிலே நான் மேடையிலே நிக்கிறது. சாஞ்சிருந்தா ஒனக்குப் பத்துச்சீட்டு."

அந்த ஒரு வாரம் அழகையா வேலை செய்ததைத் தோட்டம் இன்றைக்கும் சொல்லும். மேடையை அடியோடு பிரித்தார். கல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் ரசமட்டம் வைத்தார். ஒரு நெல்லுப்பிரமாணம் ஏறினாலும் விடவில்லை, திருப்பிச் செதுக்கினார். இந்த முறை வீரய்யா மண் சுமக்க வரவில்லை. ஒரே ஒரு தடவை வந்தான், வாடிப் போன முகத்தோடு.

"மச்சான், ஒரு நாலு விரக்கடையாச்சும் ஒசத்தி வச்சிருங்க மச்சான். கெஞ்சிக் கேக்குறேன்."

"போடா அங்கிட்டு! ஒரு வாட்டி ஒங்க பேச்சக் கேட்டு மானம் போனது போதும். இனி இந்த மேடை மட்டமா இருக்கும், இல்ல நான் இந்தத் தோட்டத்துல இருக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு."

வீரய்யா ஏதோ சொல்ல வந்தான். பிறகு பங்களாவைப் பார்த்து நடந்தான்.

சனிக்கிழமை காலை, மற்றத் துரைமார் வருவதற்கு முன்பே விட்டேக்கர் துரை வந்துவிட்டார். மூக்கில் புதுக் கண்ணாடி. கூடவே கிளாக்கர் கனகசுந்தரம், கையில் பேனாவும் ஃபைலும். தடிப்பையோடு வீரய்யா. பத்து ஆட்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் ஓரமாக வந்து நின்ற ரெங்கம்மா.

அழகையா துரையின் கண் முன்னாலேயே ரசமட்டத்தை வைத்தார். குமிழ் நடுவில் நின்றது. துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். குமிழ் நடுவில்தான் நின்றது. துரை மேடையின் நடுவுக்குப் போனார். காலை அகட்டினார். இடுப்பை அசைத்தார். கண்ணை மூடினார், திறந்தார்.

"சாஞ்சிருக்கு."

ரெங்கம்மா "ஐயோ, மாரியாத்தா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொரை, ரசமட்டத்தப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். ரசமட்டம் சரின்னு சொல்லுது. கண்ணாடியும் சரின்னு சொல்லுது. ஆனா நான் நிக்கிறது, மரத்துப் பக்கம் பள்ளம்! எனக்குத் தெரியாதா?" துரைக்கே அழுகை வரும் போலிருந்தது. அந்த ஆத்திரத்தில் கிளாக்கரின் பக்கம் திரும்பினார். "கிளாக்கர், எழுது!"

"யெஸ் சேர்" என்றார் கனகசுந்தரம். பேனா மூடியைத் திறக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

"எழுதுங்கய்யா" என்றார் அழகையா. தலைப்பாகையைக் கழற்றி ரசமட்டத்துக்குப் பக்கத்தில் புல்லில் வைத்தார். "பொறந்த மண்ணு இது. போகச் சொன்னா போறேன். ஆனா தொரை, இந்த மேடையில இன்னொரு கூட மண்ணு என் கையால விழாது. நான் போனதுக்கப்புறமும் இது மட்டமாத்தான் இருக்கும்."

யாரும் ஆமாம் போடவில்லை. பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். கனகசுந்தரம் காகிதத்தில் பெயரை எழுதினார். ரெங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினாள்.

அப்போது தடிப்பை தொபுக்கென்று கீழே விழுந்தது. வீரய்யா ஓடிவந்து துரையின் காலடியில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் அவருடைய இடது காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"மச்சானை அனுப்பாதீங்க தொரை! மேடையும் சரிதான், ஒங்க கண்ணும் சரிதான், நீங்க பந்தடிக்கப் போடுற, பங்களா நாயி கடிச்ச இந்த எடது சப்பாத்துக்கு ஒங்களுக்குத் தெரியாம பதுளையில நான் புதுசா வச்சுக்கிட்டு வந்த குதிதாங்க முக்கால் அங்குலம் ஒசந்துபோச்சு!"